அண்ணையின் கொம்பியூட்டரும் மச்சாளின் ரீவியும்

இந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற எல்லாம் அழிந்துபோகும், தொடரட்டுமா என்று கொம்பியூட்டர் என்னைக் கேட்டது. இங்கிலீசில்தான் கேட்டது. கீழே ‘ஓம்’ என்று ஒரு பெட்டி, ‘இல்லை’ என்று ஒரு பெட்டி. ‘ஓம்’ பெட்டி ஏற்கெனவே நீலமாக மினுங்கிக்கொண்டிருந்தது. எண்டரில் ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. என் விரல் அதற்கு மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. வயது போன மனிசன், பட்டப்பகல், உடுவிலில் மச்சாள் வீட்டு முன் அறை, முற்றத்தில் கோழி கொக்கரிக்கிறது, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“முடிஞ்சுதோ தம்பி?” குசினியிலிருந்து மச்சாள்.

“இல்லை மச்சாள், இன்னும் கொஞ்சம்.”

“உதைத்தானே காலமையிலையிருந்து சொல்லுறீர்.”

மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. அண்ணி என்று கூப்பிடுகிற நாகரிகம் இப்போது எங்கும் வந்துவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் மச்சாள்தான். பிரான்சில் இருக்கிற அவரது தம்பி லீவில் வந்து நின்றபோது, பாதிச் சுவரை மறைக்கிற மாதிரி ஒரு ரீவியை வாங்கி மாட்டிவிட்டுப் போனான். மச்சாளுக்குப் பழைய படங்கள் பார்க்க வேண்டும், கோயில் தேர்த் திருவிழாக்கள் பார்க்க வேண்டும். பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்தால் ரீவி சிலதைக் காட்டும், சிலதை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். “பின்னாலை ஒரு கொம்பியூட்டரைக் கொழுவிவிட்டால் எல்லாம் ஓடும் மச்சாள்” என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“அப்ப புதுசு ஒண்டும் வாங்காதேயும். அவற்றை கொம்பியூட்டர் சும்மாதானே கிடக்கு. அது ஓடட்டும்” என்றார் மச்சாள்.

‘அவற்றை’ என்றால் அண்ணையுடையது. அண்ணை காணாமல் போன நாளிலிருந்து அந்தக் கொம்பியூட்டரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அதன் வயதுக்கு இப்போதைய விண்டோசை ஏற்றினால் மூச்சு வாங்கிச் செத்துவிடும். லினக்சில் மெலிந்த சிஸ்டங்கள் இருக்கின்றன, பழைய மெசினையும் எழுப்பி நடக்க வைக்கும் என்று படித்திருந்தேன். ஒரு கிழமையாக ஒவ்வொன்றையும் பென்னில் போட்டு எழுப்பிப் பார்க்கிற வேலைதான். முதலில் பிடித்ததை எல்லாரும் மெல்லியது, மெல்லியது என்று புகழ்ந்திருந்தார்கள். எனக்கு உன் மெசின் காணாது என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அது நின்றுகொண்டது. இரண்டாவது எழும்பியது. ஆனால் கடிதம் எழுத ஒன்று, கணக்குப் போட ஒன்று, படம் கீற ஒன்று, விளையாட்டுகள் வேறு. படம் பார்க்க வந்த மச்சாளுக்கு இதெல்லாம் எதற்கு? படத்தைப் போட்டால் கதாநாயகன் வாயை மூடிய பிறகுதான் வசனம் வந்தது. மூன்றாவது மெலிவென்றால் மெலிவு, கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மின்னி மின்னி, என்ன வேண்டும், எழுது என்றது. அதை மச்சாளிடம் கொடுத்தால் கொம்பியூட்டரோடு சேர்த்து என்னையும் படலைக்கு வெளியே விட்டிருப்பார்.

நாலாவதாக அகப்பட்டதுதான் சரியான ஆள். படம் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு தொழில் தெரியாது. சுவிச்சைப் போட்டால் நேரே படங்களின் வரிசையில் வந்து நிற்கும், ரிமோட்டில் மேலே கீழே போனால் போதும். ஆனால் ஒரு பிடிவாதம். டிஸ்க் முழுவதும் தனக்கு மட்டும் வேண்டுமாம், வேறொருவரோடும் பங்கு போடாதாம். அதுதான் அந்தக் கேள்வி.

டிஸ்க்கில் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டியின் மூடியைக் கழற்றியபோது பல்லி முட்டைக் கோதும் சிவப்பு மண் தூசியும் கொட்டின. பெயின்ற் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுக் கரண்ட் கொடுத்தேன். சூடேறியதும் ஒரு மணம் வந்தது. தூசி கருகுகிற மணம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் நான் குனிந்து இன்னொருமுறை மோந்து பார்த்தேன். அது எங்கள் கடை மணம்.

ரவுணில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் அண்ணை வீடியோக் கடை வைத்திருந்தார். அவர் கமரா, நான் எடிட்டிங். எங்கள் பக்கத்துக் கலியாண வீடியோவுக்கு அப்போது ஒரு முறை இருந்தது. தாலி கட்டும்போது மட்டும் மேளம் கேட்கலாம், மற்ற நேரமெல்லாம் ஆட்களின் சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டு ஏற்ற வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்க்கிற சொந்தக்காரருக்குச் சமையல்காரரின் ஏச்சும், மாமிமார் குசுகுசுப்பதும் கேட்கக்கூடாது. கமராவுக்குப் பின்னால் நின்று “இஞ்சாலை பாருங்கோ, இஞ்சாலை” என்று தொண்டை கிழியக் கத்துகிற அண்ணையின் குரல் கேட்கவே கூடாது. அவரது குரலை மூடிப் பாட்டை ஏற்றுவதுதான் என் உத்தியோகம். ஒருமுறை பொம்பிளை அழைப்புக்குச் சோகப் பாட்டொன்றை ஏற்றிவிட்டேன். பெண்ணின் தகப்பன் மாடிப்படி ஏறி வந்து கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

பிறகு பாதை பூட்டுப்பட்டது. தெற்கே போகிற றோட்டை மூடினார்கள் என்றால் சீனிக்கும் சவுக்காரத்துக்கும் தட்டுப்பாடு, வீடியோ ரேப்புக்கு எங்கே போவது? கலியாணத்தைப் பிடித்துவந்த ரேப்பைக் கொம்பியூட்டரில் ஏற்றியதும், அடுத்த கலியாணத்தை அதே ரேப்பில் பிடிப்போம். ஊரடங்கு விலகுகிற நேரத்தைப் பார்த்துத்தான் ஐயர்மாரும் முகூர்த்தம் வைத்தார்கள். கமராவோடு றோட்டில் இறங்குவதே கண்டம். சந்திக்குச் சந்தி ஆமியின் சென்றி. எங்களுக்குப் பாஸ் என்று இருந்தது கலியாண அழைப்புக் காட்டுத்தான். மஞ்சள் பூசிய காட்டை மேலே பிடித்துக்கொண்டு, கமராப் பையைத் திறந்து காட்டி, கையை உயர்த்தி நடப்போம். திரும்பி வரும்போது சென்றியில் பலகாரம். “எங்களுக்கு ரெண்டு பார்சல், சென்றிக்கு ஒண்டு” என்று கலியாண வீட்டில் அண்ணை வாய்விட்டே கேட்பார், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எனக்குச் சென்றியைக் கண்டாலே என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் அடையாள அட்டையை எடு என்று ஆமிக்காரன் கேட்க, நான் பயத்தில் முறுக்குப் பார்சலை நீட்டினேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்கு வந்ததும் முதல் வேலை, பிடித்ததைப் போட்டு முதுகுப் பக்கம் பார்ப்பது. முன்னால் நிற்கிற மாப்பிள்ளையை யார் பார்த்தது? அவருக்குப் பின்னால் மதிலுக்கு மேலே சென்றியின் மண்மூட்டை தெரிகிறதா, றோட்டில் போன ஆமி வாகனம் விழுந்திருக்கிறதா, சபையில் இருந்த யாராவது வாய் தவறி ஏதும் கதைத்திருக்கிறார்களா என்று கண்ணை ஊன்றிப் பார்ப்போம். இருந்தால் அந்தத் துண்டை வெட்ட வேண்டும். அதைக் கழிவு என்போம். ரவுணில் சுத்திவளைப்பாம் என்று கீழே தையல் கடைக்காரர் குரல் கொடுத்தால் நான் ஓடிப்போய்க் கேட்பேன்.

“அண்ணை, கழிவை அழிச்சாச்சோ?”

“அழிச்சாச்சு, அழிச்சாச்சு. நீ ஏன்ராப்பா செத்துச் செத்துப் பிழைக்கிறாய்?”

“உள்ளதைச் சொல்லண்ணை.”

“ஆமிக்காரன் திறக்கமாட்டான். பாத்தவுடனை அலுப்பு வாற பேரா வைச்சால் ஒருத்தனும் திறக்கமாட்டான்” என்று சிரிப்பார். அது அழித்ததற்குப் பதிலா, அழிக்காததற்குப் பதிலா என்று யோசிக்கிற நிலையில் நான் இருப்பதில்லை. பூட்ஸ் சத்தம் படியில் ஏறுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு காலமை உடுப்பிட்டியில் கலியாணம். எனக்குக் காய்ச்சல், அண்ணை தனியே வெளிக்கிட்டார். வெயில் ஏறிய பிறகு கலியாண வீட்டிலிருந்து போன் வந்தது. “வீடியோக்காரத் தம்பி இன்னும் வரேல்லை. பொம்பிளை வெளிக்கிட்டு இருக்கிறா, எவ்வளவு நேரம் பாக்கிறது?” என்று ஒரு அம்மா கோபமாகக் கேட்டார். அந்தக் கோபம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. அண்ணையின் மோட்டார்சைக்கிள் வல்லை வெளியில் ஸ்ராண்ட் போட்டு நின்றது. கமரா இல்லை, அண்ணையும் இல்லை. யார் கொண்டுபோனது, எதற்குக் கொண்டுபோனது என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அண்ணைக்கும் மச்சாளுக்கும் கலியாணமாகி அதிக காலம்கூட ஆகவில்லை, பிள்ளைகளும் இல்லை. மச்சாள் அண்ணையின் போட்டோப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தேடிப் போகாத வாசல் இல்லை. ஊர்க் கலியாணமெல்லாம் வீடியோ பிடித்த மனிசனின் கலியாணத்தைப் பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை, என்னிடம் கமராவைத் தர அவருக்கு நம்பிக்கையில்லை. ஆகவே படம் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் மா அரித்துக்கொண்டிருந்தவர் அரிதட்டை வைத்துவிட்டுச் சொன்னார், “முகம் படத்திலை இருக்கு தம்பி. குரல் மறந்துபோகுது. எனக்குப் பயமாக் கிடக்கு.”

அன்றிலிருந்து தேடினேன். கடல் கடந்து போன கலியாண வீடியோக்களை எல்லாம் போட்டுப் பாருங்கள், எங்கேயாவது அவர் கதைப்பது கேட்கிறதா என்று ஆட்களிடம் கெஞ்சினேன். பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பாட்டு. நான் ஏற்றிய பாட்டு. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேன்.

அந்தக் கொம்பியூட்டரை அண்ணை காணாமல் போன கிழமையே கடையிலிருந்து கொண்டுவந்து, சாக்கில் சுற்றி, நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டோம். கடையில் தினமும் அண்ணைதான் பாஸ்வேர்ட் அடித்துத் திறந்துவிடுவார், அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திறக்கலாம். திறந்து, அதற்குள் ஏதும் இருந்து, அது வெளியே போனால்? சண்டை முடிந்த பிறகும் அந்தப் பயம் முடியவில்லை. அழிச்சாச்சு என்றுதானே அவர் சொன்னார், அதற்குள் முடிந்த கலியாணங்களும் பாட்டும்தான் இருக்கும் என்று மனத்தைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன்.

இப்போது எண்டருக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு அந்த ‘அழிச்சாச்சு’வை முதல்முறையாக ஆறுதலாக யோசித்தேன். அண்ணை என்ன மாதிரி ஆள்? துருப்பிடித்த ஆணியைத் தட்டி நிமிர்த்திப் போத்தலில் போட்டு வைக்கிற ஆள். செருப்பு அறுந்தால் வாரை வெட்டி எடுத்து வைக்கிற ஆள். அவர் அழித்திருப்பாரா? ‘இல்லை’யைத் தட்டிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்தேன். ஐயோ, இன்னும் ஒரு தட்டில் போயிருக்குமே!

நல்ல காலம், மெலிந்த சிஸ்டங்களில் ஒரு வசதி. டிஸ்க்கைத் தொடாமல் பென்னிலிருந்தே எழும்பும், டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் விடும், பாஸ்வேர்ட் கேட்காது. முன்பு கழித்துவிட்ட இரண்டாவது ஆளை மன்னிப்புக் கேட்டுத் திரும்பவும் கூப்பிட்டேன். எழும்பியது. டிஸ்க்கைத் திறக்கச் சொன்னேன். உள்ளேயிருந்து டிக், டிக் என்று பல்லி சொல்லுகிற மாதிரி ஒரு சத்தம். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். டிஸ்க் சாகப் போகிறது என்று அர்த்தம். நாளைக்குப் பார்ப்போம் என்று நிற்பாட்டினால் நாளைக்கு எழும்பாமலே விடலாம். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது, இடி கேட்டது. எங்கள் பக்கத்தில் இடி கேட்டால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

“உடுப்பு எடுக்க வேணும், மழை வருது” என்று மச்சாள் முற்றத்துக்கு ஓடினார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆசையைக் காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

கலியாணங்கள் ஊர் ஊராகக் கிடந்தன. குருநகர்த் தேவாலயத்தில் முதல்நன்மை ஒன்று, வட்டுக்கோட்டைக் கலியாணங்கள், சாமத்தியவீடுகள். திறந்து திறந்து பார்த்தேன், எல்லாம் தலைப்பு எழுத்தோடு, நான் பாட்டு ஏற்றி முடித்தவை. பிறகு சிஸ்டத்தின் சாமான்கள் கிடக்கிற போல்டர்கள், ஒலிக்கு ஒன்று, பிரின்ரருக்கு ஒன்று என்று வாயில் நுழையாத பெயர்கள். அவற்றைத் தாண்டிக் கீழே போய்விட்டேன். போனவன் நின்றேன்.

எங்கள் கடையில் பிரின்ரர் எங்கே இருந்தது? காட்டு அச்சடிக்கக்கூடப் பக்கத்துத் தெருவுக்குத்தான் போவோம்.

திறந்தேன். பிரின்ரர் போல்டருக்குள், பார்த்தவுடன் அலுப்பு வருகிற பெயர்களோடு நிறைய. ஒவ்வொன்றும் வீடியோ. தொட்டுப் பார்க்கக்கூடப் பயம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் செத்தால்? முதலில் இன்னொரு பென்னுக்குக் கொப்பி போட்டேன். பச்சைக் கோடு ஊர்கிறது, நிற்கிறது, டிக் டிக், திரும்ப ஊர்கிறது. மழை ஓட்டில் கொட்டத் தொடங்கியது. லைற் ஒருமுறை மங்கி எரிந்தது. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். கோடு முடிந்தபோது சேட் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அந்தப் பழைய பெட்டியில் படத்துக்கு ஒரு வயர், சத்தத்துக்கு வேறு வயர். அன்று படத்துக்கான நீலத் தலை வயரை மட்டும்தான் கொழுவியிருந்தேன். முதல் துண்டைப் போட்டதும் சுவர் நிறையப் படம் மட்டும் வந்தது. மச்சாள் தோளில் ஈர உடுப்போடு வந்து நின்றார்.

“ஆற்றை கலியாணம் உது?”

“வட்டுக்கோட்டையிலை மச்சாள். எங்கடை கடையிலை பிடிச்சது.”

பந்தலுக்குக் கீழே ஒரு அம்மா ஆரத்தித் தட்டோடு விறைத்துப்போய் நிற்கிறார். பின்னால் மதில், மதிலுக்கு மேலே மண்மூட்டை. அதனால்தான் இது கழிவு. கமரா ஆடுகிறது, நிலத்தைக் காட்டுகிறது, குவிந்து கிடக்கிற செருப்புகளைக் காட்டுகிறது, திரும்ப அம்மாவிடம் போகிறது. நான் சத்த வயரைத் தேடி எடுத்து ரீவிக்குப் பின்னால் கையை விட்டேன். ஓட்டை அகப்படவில்லை, தடவித் தடவித் தேடினேன். ஒன்றும் கேட்காவிட்டால் என்ன செய்வேன்? கேட்டால் என்ன செய்வேன்? டொக் என்று உள்ளே போனது.

“...அம்மா, இஞ்சாலை, இஞ்சாலை பாருங்கோ! ஏனணை உப்பிடிப் பயப்பிடுறியள், நானென்ன ஆமியே? கொஞ்சம் சிரியுங்கோ பாப்பம்!”

அறை முழுவதும் அண்ணை. கண்ணாடி அலுமாரி அதிர்கிற அளவுக்கு அண்ணை. கமராவுக்குப் பின்னால் நின்று அவர் சிரிக்கிற சிரிப்பும், பந்தலில் நின்றவர்கள் சேர்ந்து சிரிப்பதும், அந்த அம்மாவின் முகம் மெல்ல இளகுவதும். எனக்குக் கண் தெரியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மச்சாளைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் அழவில்லை. ஈர உடுப்பெல்லாம் கீழே விழுந்திருந்தது. யன்னல் வழியாக மழைக்குள் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“சத்தத்தைக் குறையும் தம்பி” என்றார் மெல்ல. “ஆமியெண்டு சொல்லுறார். றோட்டுக்குக் கேக்கும்.”

குறைத்தேன். அவர் போய் யன்னலைச் சாத்திக் கொக்கியையும் போட்டுவிட்டு வந்து, அவ்வளவு பெரிய ரீவிக்குக் கிட்டவாகக் கதிரையை இழுத்துப் போட்டு, காதைச் சாய்த்து உட்கார்ந்தார். “இன்னொருக்காப் போடும்” என்றார்.

மச்சாளின் படம் பார்க்கும் சிஸ்டம் இப்போது பென்னிலிருந்துதான் ஓடுகிறது. டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன், அதைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். உடுவில் சந்தியில் இருந்த சென்றி போய்விட்டது, அந்த இடத்தில் போனுக்குக் காசு போடுகிற கடை. தையல் கடையும் மாடியும் இடிபட்டுப் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. கலியாணக் காட்டைக் காட்டி றோட்டில் நடக்கத் தேவையில்லை, பலகாரத்தில் சென்றிக்கென்று ஒரு பார்சல் கட்டத் தேவையில்லை. ரேப் இல்லை. அண்ணை இல்லை. மச்சாள் பின்னேரங்களில் பழைய படங்களை முற்றத்துக்கே கேட்கிற மாதிரி போட்டுப் பார்க்கிறார். அண்ணை கதைக்கிற துண்டைப் போடுகிறபோது மட்டும் எழும்பிப் போய் யன்னலைச் சாத்துகிறார்.